பெருநாள் லீவில் பதிந்த கேசட்

நவம்பர் 30, 1976. செவ்வாய்

காலையில் நல்ல பனி. எதிர்க் கட்டடம் எட்டு மணி வரை தெரியவில்லை. ஏசியை நிறுத்தி ஒரு வாரம் ஆகிறது. அந்த இரைச்சல் இல்லாமல் இன்னும் பழகவில்லை.

நாளை பக்ரீத். இவருக்கு ஆபீஸ் நான்கு நாள் லீவு. மாலா, சுதா இருவருக்கும் பள்ளிக்கூடம் இல்லை. எனக்கு மட்டும் லீவு கிடையாது, யாரும் கொடுப்பதாகவும் இல்லை.

முத்தண்ணன் வருகிறார். ராஸ் அல் கைமாவில் சிமென்ட் கம்பெனி கேம்ப்பில் இருக்கும் என் பெரியப்பா மகன். சுடலைமுத்து. எட்டாம் வகுப்போடு நின்றவர். நான் பி.யூ.சி. சேர்ந்தபோது என் டிரங்குப் பெட்டியை ஹாஸ்டல் வரை தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தவர். இங்கே வந்து இரண்டு வருஷம் முடியப் போகிறது. 12ஆம் தேதி இங்கே துபாயிலிருந்து பிளேன், மூன்று மாத லீவில் ஊருக்கு. அதற்கு முன்னால் பெருநாளை எங்களோடு கழிக்க வேண்டுமாம். கடிதம் வந்தது, எல்லா வரியும் மேலே ஏறிக்கொண்டே போகும் எழுத்தில்.

கடையில் வாங்க: தேங்காய் 3. கறிவேப்பிலை (இருந்தால்). பாசுமதி. இஞ்சி. பால் டின். காலி கேசட் 1. சீட்டுக்கட்டு, பழையதில் ஆர்ட்டின் ராணியைச் சுதா கடித்துவிட்டாள்.

கேசட் அம்மாவுக்கு. கடிதம் எழுதினால் படித்துக் காட்ட ஆள் தேட வேண்டியிருக்கிறது அவளுக்கு. எல்லோரும் பேசிப் பதிந்து அண்ணன் கையிலேயே கொடுத்துவிடலாம் என்று இவர் யோசனை. கோவில்பட்டிக்கு நேரே போய்விடும்.

ஹால் கட்டிலில் அண்ணனுக்குப் படுக்கை. நீலப் பூப்போட்ட விரிப்பை எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டுப் பழைய பச்சையை விரித்தேன். சிமென்ட் கறை போகாது. போன தடவை பட்ட பாடு போதும்.

டிசம்பர் 1. புதன்

பெருநாள். வெயில் இதமாக. தெருவெல்லாம் அத்தர் வாசனை.

அண்ணன் பதினொரு மணிக்கு வந்தார். அப்ரா படகில் கடற்கழியைத் தாண்டி இறங்கி நடந்தே வந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, பெட்டியில் மடித்த கோடு அப்படியே. கையில் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம், அங்கே தோட்டத்தில் விளைந்ததாம். இன்னொரு பையில் கருவாடு. நான் பையை வாங்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொண்டேன் என்று தெரியவில்லை. பால்கனியில் கட்டித் தொங்கவிட்டேன்.

“ஏட்டி செல்வி, மெலிஞ்சிட்டியே!”

நான் மெலியவில்லை. மாலா சிரித்துவிட்டாள்.

குளிக்கப் போனால் முக்கால் மணி நேரம். கேம்ப்பில் வாளிக் கணக்குத் தண்ணீராம், இங்கே குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறதே என்று குழந்தை மாதிரி சந்தோஷம். வெளியே வந்த பிறகும் காது மடிப்பில் சாம்பல் நிறம். குதிகால் முழுக்க வெடிப்பு. வேஸலின் கொடுத்தேன்.

வீட்டுக்கார அரபியம்மா பெரிய தாம்பாளத்தில் ஆட்டுக்கறிச் சோறு அனுப்பினாள், மேலே முந்திரியும் திராட்சையும். அது போதாதென்று நான் வைத்த குழம்பு. அண்ணன் இரண்டையும் சாப்பிட்டார். மூன்று தடவை போட்டேன். ஒவ்வொரு தடவையும் “போதும்ட்டி, போதும்” என்று கையை இலைக்கு மேல் விரிக்கிற மாதிரி தட்டுக்கு மேல் விரித்தார். விரல் இடுக்கு வழியே போட்டேன். இது எங்கள் வீட்டுப் பழக்கம்: முதல் போதும் மரியாதைக்கு, இரண்டாவது போதும் வெட்கத்துக்கு, மூன்றாவதுதான் வயிறு சொல்வது. அம்மா கற்றுக்கொடுத்தது.

மத்தியானம் சீட்டு. இவருக்கு ரம்மிதான் ஆட்டம், மற்றதெல்லாம் பொழுதுபோக்காம். பிள்ளைகளுக்காகக் கழுதை ஆடினோம். கையில் கடைசியாகச் சீட்டு வைத்திருப்பவர் கழுதை. ஐந்து ஆட்டம், ஐந்திலும் அண்ணன்தான் கழுதை. வெட்டுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே இல்லை என்கிறார், நான் பார்த்தேன். தோற்றவர் கழுதை மாதிரி கத்த வேண்டும். கத்தினார் பாருங்கள், கீழ்வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து மேலே எட்டிப் பார்த்தார். சுதா சிரித்துச் சிரித்து விக்கல்.

எனக்கும் சிரிப்பு வந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 2. வியாழன்

காற்று. பால்கனியில் கருவாட்டுப் பை ஆடி ஆடி வாசனை உள்ளே.

இன்று எல்லாமே கோணல். காலையிலேயே இட்லி கல். மத்தியானம் சோறு பற்றாமல் மறுபடி உலை.

மூன்றரைக்குக் கேசட் பதிய உட்கார்ந்தோம். டேப் ரிக்கார்டரை ஃபிரிட்ஜ் பக்கத்து ஸ்டூலில் வைத்து இவர் சிவப்புப் பட்டனை அழுத்தினார். நான் அம்மாவிடம் மூட்டுவலி கேட்டேன். மாலா பாடம் ஒப்பிப்பது மாதிரி பேசினாள், பாதி இங்கிலீஷ். “பாட்டிக்குப் புரியாதுடி” என்றால் “தென் மாமா வில் எக்ஸ்ப்ளெயின்” என்கிறாள். அண்ணன் மிஷினுக்கு முன்னால் எழுந்து நின்றுகொண்டு பேசினார், அம்மாவே எதிரே இருப்பது மாதிரி. பிறகு சீட்டுக் கச்சேரி. அதுவும் பதியட்டும், பாட்டி சத்தம் கேட்கட்டும் என்றார் இவர்.

அண்ணன் மறுபடி கழுதை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பனியனோடு, ஹால் நடுவில் நாலு காலில் நின்று கத்துகிறார். முதுகில் சுதா. அந்த நேரம் பார்த்து வாசலில் மிசஸ் மூர்த்தி. மேல் வீடு. மெட்ராஸ்காரி. அவள் கணவர்தான் ஆபீசில் இவருக்கு மேலே. பெருநாள் வாழ்த்துச் சொல்ல வந்தாளாம், கையில் கேக். அண்ணனைப் பார்த்தாள். பால்கனிப் பக்கம் மூக்கைச் சுளித்தாள். “கெஸ்ட்டா?” என்றாள். நான் “ஆமாம், ஊரிலிருந்து” என்றேன். அண்ணன் என்று வாயில் வரவில்லை. உட்காராமலே போய்விட்டாள்.

அண்ணன் சட்டை மாட்டிக்கொண்டு பிள்ளைகளை அப்ராவில் ஏற்றிக் காட்டக் கூட்டிப் போனார். கதவு சாத்தினதும் இவரிடம் கொட்டித் தீர்த்தேன். “மெதுவாப் பேசு” என்றார். “உன் அண்ணன்தானே” என்றார். அதுதானே என் பிரச்சினை.

நடுவில் ஏதோ டக்கென்று சத்தம். ஃபிரிட்ஜ்தான் மறுபடி மக்கர் பண்ணுகிறது. ஆளைக் கூப்பிட வேண்டும்.

சாயங்காலம் இவர் கேசட்டை எடுத்து முதல் இரண்டு நிமிஷம் ஓடவிட்டுப் பார்த்தார். குரல் தெளிவு. ஒரு பக்கம் முடிந்துவிட்டது, மறுபக்கம் காலி. கேசட்டின் பின்பக்கத்தில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பல்லை ஸ்க்ரூ டிரைவரால் உடைத்தார். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் யாரும் மறுபடி பதிய முடியாதாம். கேம்ப்பில் யாராவது சினிமாப் பாட்டுப் பிடித்துவிட்டால் என்ன செய்வது என்று முன்யோசனை. இவருடைய முன்யோசனைக்கு ஒரு கும்பிடு.

ராத்திரிச் சாப்பாட்டில் அண்ணன் ஒரு தடவை “போதும்ட்டி” என்றார். நான் சட்டியை மூடிவிட்டேன்.

அவர் தட்டுக்கு மேல் விரித்த கை ஒரு விநாடி அப்படியே இருந்தது. பிறகு எடுத்துக்கொண்டார்.

டிசம்பர் 3. வெள்ளி

அண்ணன் காலையிலேயே கிளம்பிவிட்டார். சாயங்காலம் போகலாமே என்று இவர் சொன்னார். நான் சொல்லவில்லை.

கேசட்டைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “ரூம்ல எல்லாரையும் கேக்க வைக்கணும்லா. ஒருத்தன் வீட்டுக் கேசட் வந்தா எட்டுப் பேரும் உக்காந்து கேப்போம்.” சுதாவைத் தூக்கி, “மருமவளே, மாமன் கத்தினது கோவில்பட்டி வரைக்கும் கேக்கப் போவுது” என்றார்.

பச்சை விரிப்பை வெந்நீரில் ஊற வைத்தேன். தண்ணீர் ஒன்றும் அப்படிச் சாம்பலாக இல்லை.

மிசஸ் மூர்த்தியின் கேக் நன்றாகவே இல்லை.

டிசம்பர் 4. சனி

எதுவும் எழுத வரவில்லை. ஆனால் எழுதிவிட வேண்டும்.

ஃபிரிட்ஜ் மறுபடி டக்கென்று நிற்கிறதா என்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்கவில்லை. இவரிடம் சொன்னேன். சோபாவில் படம் வரைந்துகொண்டிருந்த மாலா தலையைத் தூக்காமலே சொன்னாள்: “அது ஃபிரிட்ஜ் இல்லம்மா. டேப்பா இருக்கும். நாங்க போட்டுக்குப் போறப்ப அது ரன்னிங்லதான் இருந்துச்சு. ரெட் பட்டன் உள்ள இருந்தது.”

நான் நிறுத்தியிருப்பேன் என்று இவர். இவர் நிறுத்தியிருப்பார் என்று நான். மிசஸ் மூர்த்தி வந்த பரபரப்பில் இரண்டு பேரும் அந்தப் பக்கமே போகவில்லை.

முப்பது நிமிஷப் பக்கம். மூன்றரைக்கு ஆரம்பித்தது. அண்ணனும் பிள்ளைகளும் கிளம்பியது மூன்று ஐம்பது, ஐம்பத்திரண்டு. டேப் முடிந்தால் பட்டன் தானாக டக்கென்று மேலே வரும். நான் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் அது வந்தது. ஏழு எட்டு நிமிஷம் என் வாய்தான் அதில்.

என்ன சொன்னேன் என்று இவரிடம் கேட்டேன். “விடு, எனக்கு ஞாபகம் இல்லை” என்றார். பொய். எனக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம். எழுதுகிறேன், வேறு என்ன தண்டனை எனக்கு:

“மானம் போகுது எனக்கு. அவ மூக்கைப் பொத்திக்கிட்டுப் போறா.”

“லுங்கியைக் கட்டிக்கிட்டு, ஒரு நாகரிகம் கிடையாது.”

“வேளைக்கு மலை மாதிரி சோறு. கேம்ப்ல போடாததை எல்லாம் இங்க வந்து பார்த்துக்கறாரு.”

“அந்த விரிப்பைத் துவைச்சாலும் வாடை போகாது.”

“அடுத்த பெருநாளைக்கு வர்றேன்னு லெட்டர் போட்டா, நாம ஊர்ல இல்லைன்னு எழுதிருங்க.”

“ஆட்டத்துல மட்டுமா கழுதை.”

ஒருவர் சாப்பிட்ட சோற்றை எண்ணியிருக்கிறேன். அதுவும் அம்மா கேட்கிற கேசட்டில். அம்மா வீட்டுச் சோற்றைத் தின்று வளர்ந்தவர் அவர். அம்மா ஒரு நாளும் எண்ணியதில்லை.

எட்டுப் பேரும் உட்கார்ந்து கேட்பார்கள்.

டிசம்பர் 5. ஞாயிறு

மழை வருகிற மாதிரி இருந்து வரவில்லை.

கேம்ப்பில் போன் கிடையாது. தபால் போய்ச் சேர ஒரு வாரம். போனாலும் என்ன எழுதுவது? ‘அண்ணா, கேசட்டைக் கேட்க வேண்டாம்’ என்றா? இவருக்கு வெள்ளிக்கிழமைக்கு முன் லீவு இல்லை. தனியாக டாக்ஸியில் போகிறேன் என்றேன், விடவில்லை.

ஒருவேளை அவர் கேட்கவே இல்லையோ. ஒருவேளை மிஷினில் பேட்டரி இல்லையோ. ஒருவேளை சீட்டாட்டத்தோடு போதும் என்று நிறுத்தியிருப்பாரோ. இப்படியே பகல் முழுக்க. சாம்பாரில் உப்புப் போடவில்லை, மாலாதான் எழுந்து போய் உப்பு ஜாடியை எடுத்து வந்தாள்.

டிசம்பர் 8. புதன்

மிசஸ் மூர்த்தி மாடிப்படியில். “உங்க ஊர் கெஸ்ட் போயாச்சா?” என்றாள்.

“அது என் அண்ணன்” என்றேன்.

“ஓ” என்றாள். அவ்வளவுதான். இதைச் சொல்வதற்கு ஆறு நாள் ஆகியிருக்கிறது எனக்கு. சொன்ன பிறகு நிம்மதியும் இல்லை. கேட்க வேண்டியவர் அங்கே இல்லை.

கருவாடு பொரித்தேன். நல்ல கருவாடு.

டிசம்பர் 10. வெள்ளி

போய் வந்தோம். பிள்ளைகளைக் கீழ்வீட்டில் விட்டுவிட்டு, அக்கரைத் தேராவில் டாக்ஸி பிடித்து, இரண்டு மணி நேரம். வழி முழுக்க மணலும் ஒட்டகமும். பொய்யை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்: அம்மாவிடம் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், கேசட்டைக் கொடுங்கள், மறுபக்கத்தில் பேசி 12ஆம் தேதி ஏர்போர்ட்டில் தருகிறேன்.

மலையடிவாரத்தில் கேம்ப். மலை, கூரை, கயிற்றில் காயும் சட்டை எல்லாம் ஒரே நிறம், மாவு தூவின மாதிரி. பலகை அடித்த ரூம். இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் நான்கு கட்டில். என்னைப் பார்த்ததும் எட்டுப் பேரும் எழுந்து சட்டையைத் தேடினார்கள்.

“ஏ, யாரு வந்துருக்கான்னு பாருங்கல! என் தங்கச்சி! மாப்ள, வாங்க, வாங்க!”

குரலில் ஒரு மாற்றமும் இல்லை. கேட்கவில்லை போலிருக்கிறது, கடவுள் இருக்கிறார் என்று நினைத்தேன்.

அவர் கட்டிலில் உட்காரப் போனேன். “பொறுட்டி, இரு” என்று ஊருக்குக் கட்டி வைத்திருந்த பெட்டியை அவிழ்த்தார். உள்ளே ஊரில் இருக்கும் மதினிக்கு வாங்கின புது விரிப்பு, கடைத் தாள்கூடப் பிரிக்காதது. உதறி விரித்து, “இப்ப உக்காரு” என்றார். நான் வேண்டாம் வேண்டாம் என்றேன். விரித்தாகிவிட்டது. உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு இடத்தில் உட்கார்ந்ததில்லை.

பக்கத்துக் கட்டில் பையன், ராமநாதபுரம் பக்கமாம், டீ கொண்டு வந்து கொடுத்துவிட்டுச் சொன்னான்: “அக்கா, கேசட்ல உங்க குரல் கேட்டோம். முத்தண்ணன் கழுதை மாதிரிக் கத்துனதைக் கேட்டு ரூமே உருண்டுச்சு.”

“முழுசும் கேட்டீங்களா?” என்றேன்.

“எங்க கேக்க விட்டாரு? நீங்க ஏதோ பேச ஆரம்பிச்சீங்க, அண்ணே டக்குன்னு அமுக்கிட்டாரு. பேட்டரி வீக்குன்னுட்டாரு. அன்னைக்குத்தான் புது பேட்டரி போட்டோம்.”

அண்ணன் அடுப்படிப் பக்கம் திரும்பி நின்று சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

மத்தியானச் சாப்பாடு அங்கேதான். மீன் குழம்பு, அவர் வைத்தது. நான் “போதும்ண்ணே” என்றேன். போட்டார். “போதும்” என்றேன், கையை விரித்தேன். விரல் இடுக்கு வழியே போட்டார். மூன்றாவது தடவையும் போட்டார். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். இவர் என்னைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்.

டாக்ஸி வரை வந்தார். என் பொய்யைச் சொன்னேன். உடனே சட்டைப் பையிலிருந்து கேசட்டை எடுத்தார், அதே கைக்குட்டை. “ஏட்டி, எடுத்துட்டுப் போ. கடைசில கொஞ்ச நேரம் வெறும் இரைச்சலா ஓடிச்சு. மிஷினு கெட்டுப்போச்சுன்னு சித்தி நெனச்சிருவால்லா. அதான் நான் ரெண்டு வார்த்த பேசி நிரப்பிட்டேன்.”

“அண்ணே, நான்...”

“சவத்த விடுட்டி. டிரைவர் நிக்கான் பாரு.”

டாக்ஸியில் கைக்குட்டையைப் பிரித்தேன். பல் உடைந்த இடத்தில் ஒரு துண்டு பிளாஸ்டர், காயத்துக்கு ஒட்டுவது. ஓட்டையை மூடினால் மறுபடி பதியும் என்று யாரிடமோ கேட்டுக் கண்டுபிடித்திருக்கிறார்.

மன்னிப்புக் கேட்கவில்லை. டிரைவர், டீ, எட்டுப் பேர், வெயில் என்று எத்தனை காரணம். வாய் அன்று மட்டும் ஏழு நிமிஷம் ஓடியது.

டிசம்பர் 11. சனி

இவர் ஆபீஸ் போனதும் போட்டுக் கேட்டேன்.

என் குரல், மாலா, சுதா, சீட்டு, கழுதைச் சத்தம், மிசஸ் மூர்த்தியின் “கெஸ்ட்டா?” (அதுவும் பதிந்திருக்கிறது, என் பதிலும்), கதவு சாத்தும் சத்தம். பிறகு என் குரல், “மானம் போகு...” அதோடு ஒரு டக். பிறகு அண்ணன். பின்னால் காற்றுச் சத்தம், எங்கோ லாரி. ரூமில் இல்லை, வெளியே கொண்டுபோய் வைத்துத் தனியாகப் பேசியிருக்கிறார். அப்படியே எழுதிக்கொள்கிறேன்:

“சித்தி, நான் சுடலைமுத்து பேசுதேன். நல்லாருக்கியளா? தங்கச்சி வீட்ல பெருநாளுக்கு மூணு நாள் இருந்தேன். ராசா மாதிரி வச்சிருந்தா. மாப்ள தங்கமான மனுசன். பிள்ளேள் எங்கூடயேதான். சீட்டாட்டத்துல எல்லாத் தடவையும் நான்தான் கழுத, கேட்டியளா சத்தத்த? சோறு போதும் போதும்னாலும் விட மாட்டேங்கா, ஒங்கள மாதிரியே. மூணு வேளையும் மூணு தடவ போட்டா. படுக்க நல்ல விரிப்பு. அப்புறம் சித்தி, அடுத்த பெருநாளுக்கு எனக்கு டூட்டி போட்டுருவான், வேலை அப்படி. தங்கச்சி வீட்டுக்குப் போவ முடியாது. அதுக்காவ அவ கூப்பிடலன்னு நெனச்சிராதிய. அவ கூப்பிடத்தான் செய்வா.”

அப்புறம் ஐந்தாறு நிமிஷம் காற்று மட்டும். பிறகு டேப் தீர்ந்து டக்.

மூன்று முறை கேட்டேன். ஒரு இடத்தில்கூடக் குரலில் குத்தல் இல்லை. குத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுபக்கத்தைப் போட்டுச் சிவப்புப் பட்டனை அழுத்தினேன். “அண்ணே” என்றேன். ஃபிரிட்ஜ் சத்தம் மட்டும் ஓடியது. அம்மா கேட்பாளே என்று அதையும் பின்னால் ஓட்டி, அதன்மேல் பேசாமல் பதிந்து அழித்துவிட்டேன்.

நீல விரிப்பைத் துவைத்து இஸ்திரி போட்டேன். மதினிக்கு. கடைத் தாள் இல்லை என்றாலும் புதிது மாதிரிதான் இருக்கிறது. இல்லை, பழசைக் கொடுப்பதா? மறுபடியுமா? மீனா பஜாரில் புதிதாகவே வாங்கி வந்தேன்.

டிசம்பர் 12. ஞாயிறு

தெளிவான வானம். ஏர்போர்ட்டில் காலை பத்து மணிக்கு அண்ணன். கயிறு கட்டிய பெட்டி, அதன் மேல் பெரிய எழுத்தில் பெயர், கீழ்வரி மேலே ஏறிக்கொண்டு. அதே வெள்ளைச் சட்டை.

தூக்குவாளியில் கறிச்சோறு கொண்டு போயிருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கும் ஊட்டிக்கொண்டு சாப்பிட்டார். விரிப்பைக் கொடுத்தேன். “இது எதுக்குட்டி” என்றார், வாங்கிக்கொண்டார். கேசட்டைக் கொடுத்தேன். “பேசிட்டியா?” என்றார். “இல்ல, இருந்ததே போதும்” என்றேன். தலையாட்டிப் பையில் வைத்துக்கொண்டார்.

வரிசை நகர ஆரம்பித்தது. “அண்ணே, அடுத்த பெருநாளைக்கு வீட்டுக்கு வரணும்” என்றேன்.

“பாப்பம்ட்டி. டூட்டி போட்டுருவான்.”

“கட்டாயம் வரணும்.”

“சரிட்டி, பாப்பம்.”

தடுப்புக் கம்பியைத் தாண்டிவிட்டார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது தடவை, எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி, “அண்ணே, வாங்கண்ணே” என்றேன்.

திரும்பினார். சிரித்தார். தட்டுக்கு மேல் விரிப்பது மாதிரியே கையை விரித்தார்.

“போதும்ட்டி” என்றார்.